முன்பக்கம் மட்டும் சுத்தமாக இருந்த எஞ்சின்

சர்வீஸ் கவுன்ட்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச வேண்டும். ‘ஹார்டு ரைடிங்.’ வண்டியை முறுக்கி விரட்டியிருக்கிறான் என்பதற்கு நம் தொழிலில் வைத்திருக்கும் பெயர். எஞ்சின் ஜாமாகி வந்தால், எண்ணெய் கருகி வந்தால், காரணம் பிடிபடாமல் மண்டை காய்ந்தால், வாரண்டி கேட்டவருக்கு இந்த வார்த்தையைப் பதிலாக எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடலாம். வேலூரில் ஒரு இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் மேனேஜராகக் காலம் முழுக்கக் குப்பை கொட்டியவன் நான். அந்த வார்த்தை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பைபாஸில் பறக்கிற பையன்களை நீங்களும் பார்க்கிறீர்கள். நான் சொல்லப்போவது, அது சரியாக இல்லாத ஒரு தடவையைப் பற்றி. அதைக் கண்டுபிடித்தேன் என்று மார்தட்ட வரவில்லை. முக்கால்வாசி நேரம் நான் குழம்பிப்போய்த்தான் கிடந்தேன்.

வண்டியின் சொந்தக்காரன் பெயர் சாமுவேல். வீடு மாதனூர் பக்கம், வேலை ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில். தினமும் பைபாஸில் போய் வருகிற பையன். வண்டி வாங்கி வாரண்டி காலம்கூட முடியவில்லை, அதற்குள் வீட்டிலிருந்து குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பிடித்துக்கொண்டதாம். பின்சக்கரம் இறுகி வண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கிளட்சைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறான். பின்னாலேயே லாரி. இதையெல்லாம் சந்தையில் காய் வாங்கிய கதை போலச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, வீட்டில் வண்டி நின்றுவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருப்பதாகச் சொன்னான்.

திறந்து பார்த்தோம். எண்ணெய் தார் மாதிரி கருத்து, அளவும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. விரலில் தொட்டு மோந்தால் தீய்ந்த வாடை. பிஸ்டன் நெடுக உரசல். மேலே கேம்ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு உட்காரும் இடத்தில் எண்ணெய்ப் படலமே நிற்காமல் உலோகத்தோடு உலோகம் தேய்ந்து வரிவரியாகப் போயிருந்தது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருப்பான் என்று சொல்லவும் வழியில்லை. எல்லா சர்வீசும் நம்மிடமே, நாள் தவறாமல், நம் கையாலேயே ஊற்றிய எண்ணெய்.

“எவ்ளோ ஸ்பீடு போவ தம்பி?” என்று கேட்டேன்.

“அம்பதுக்கு மேல போனதில்ல சார்.”

இந்தப் பதிலை நான் கேட்காத நாளே கிடையாது. வேலூர் மாவட்டத்தில் ஐம்பதுக்கு மேல் வண்டி ஓட்டியவன் ஒருவன்கூட என் கவுன்ட்டருக்கு வந்ததில்லை. அதனால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெளியிலிருந்து ஏதாவது ஃபிட்டிங் போட்டிருக்கிறாயா, ஹாரன், லைட், சைலன்சர் என்று வழக்கமான கேள்வியையும் கேட்டேன். இல்லை என்றான். வண்டியிலும் எதுவும் இல்லை, காலுக்குப் பாதுகாப்பாக எஞ்சினுக்கு முன்னால் வளைத்துப் போடும் லெக் கார்டு கம்பி தவிர. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான்.

கம்பெனியிலிருந்து ஏரியா எஞ்சினியர் வந்தார். சின்ன வயது, நேர்மையானவர், சுருக்கமாகப் பேசுவார். எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானது பல தடவை அதில் பதிவாகியிருந்தது. வேகம் என்ன என்பதை அந்தப் பெட்டி வைத்துக்கொள்வதில்லை. சூடு எங்கேயிருந்து வரும், விரட்டினால்தான் வரும் என்றார். ஹார்டு ரைடிங், வாரண்டி கிடையாது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஆனால் டயர் உறுத்தியது. விரட்டுகிறவன் வண்டியில் டயரும் பிரேக்கும் முதலில் காட்டிக் கொடுத்துவிடும். இவன் டயர் பெரிய மனுஷன் ஓட்டினது மாதிரி ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. பிரேக் கட்டை புதிது போல இருந்தது. செயின்கூட தளரவில்லை. எஞ்சினை மட்டும் பார்த்தால் ரேஸ்காரன், மற்றதையெல்லாம் பார்த்தால் ரிட்டயர்டு வாத்தியார். ஒரே வண்டியில் ரெண்டு பேர் எப்படி ஓட்டுவார்கள்? எஞ்சினியரிடம் காட்டினேன். அவரும் யோசித்தார். ஆனால் எரிந்தது டயர் இல்லையே சார், எஞ்சின்தானே என்றார். அதுவும் நியாயமாகப்பட்டது. எனக்கு எல்லாமே நியாயமாகப்பட்டதுதான் பெரிய பேஜார்.

இதற்கு நடுவில் நம் கவுன்ட்டரிலிருந்து ஒருவர் தகவல் சொல்ல சாமுவேல் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தது அவன் அம்மா. ‘உங்க பையன் ஹார்டா ஓட்டியிருக்காரும்மா, வாரண்டி வராது’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, உள்ளதைத்தான் சொன்னார். மறுநாள் காலை நான் ஷட்டர் ஏற்றும்போது அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பெயர் விக்டோரியா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் பல வருடமாக வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாரண்டி விதிகளை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிக்கொண்டேன். அவர் வாரண்டியைப் பற்றி ஒரு பேச்சு பேசவில்லை.

அவருடைய மூத்த மகன் பைபாஸில் விபத்தில் போனவன். வேகமாகப் போய்ப் போனவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வண்டி என்ற பேச்சே இல்லை. ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து, பஸ்ஸில் போனால் ஷிஃப்டுக்கு நேரம் ஒத்துவராமல் சின்னவன் கெஞ்சிய பிறகுதான் வண்டி வந்தது. அதுவும் அண்ணன் போட்டோ முன்னால் நிற்க வைத்து, ஐம்பதைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. இதையெல்லாம் அவர் அழாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“பணம் போனா போவுது சார். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் புள்ள பொய் சொல்றானா, உங்க மிஷின் பொய் சொல்லுதா?”

தெரியாதும்மா என்றேன். அதுதான் உண்மை. ஹார்டு ரைடிங் என்று எழுதத் தெரிந்த எனக்கு, இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு நாள் டைம் குடுங்க, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பார்ப்பதற்கு என்ன பாக்கி இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. பாகங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். ஆயில் பம்ப் சரி. எண்ணெய் போகும் துளைகள் சரி. ஃபில்டர் சரி. எண்ணெய் ஒழுகின தடமும் இல்லை. ஒன்று சரியாக இருக்க இருக்க, அந்தப் பையன் தலையில் பழி இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டே போனது.

இங்கே நெமிலிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எனக்கு ஞாபகம் வந்தவர் அவர்தான். விவசாயி. அவர் வண்டி புகைவிடும், நாங்கள் சரிசெய்வோம், போய்விட்டு மறுபடி புகையோடு வருவார். நாங்கள் பிஸ்டன் ரிங் வரைக்கும் மாற்றிவிட்டோம். கடைசியில் பார்த்தால், மனிதர் வண்டியை வரப்போரம் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு எண்ணெய் அளவு பார்க்கிற கண்ணாடியைப் பார்ப்பார். சாய்ந்த வண்டியில் எண்ணெய் தெரியாது. அய்யோ காலியாகிவிட்டதே என்று தெரிகிற மட்டும் ஊற்றுவார், அந்த அதிகப்படி எண்ணெய்தான் எரிந்து புகைந்திருக்கிறது. வண்டி மேல் அவ்வளவு பாசம். நம் ஷெட்டில் நேராக நிற்கும் வண்டிக்கும், வரப்பில் சாய்ந்து நிற்கும் வண்டிக்கும் இருக்கிற வித்தியாசம் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அதை நினைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாமுவேல் வண்டிக்கு நேர் முன்னால் உட்கார்ந்தேன். எஞ்சினை விட்டுவிட்டு, வண்டியை வெறுமனே பார்த்தேன். ஹெட்லைட் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கல் அடித்த தழும்பு. முன்பக்க மட்கார்டு முனையில் பூச்சி அப்பிக் காய்ந்திருந்தது. தினமும் பைபாஸில் போகிற வண்டிக்கு இருக்க வேண்டியதுதான். அப்படியே கண்ணை இறக்கினால் எஞ்சின். அதற்கு முன்னால் எண்ணெயைக் குளிரவைக்கிற ஆயில் கூலர், சின்னச் சீப்பு மாதிரி வரிசையாகத் தகடுகள். அதில் ஒரு பூச்சி இல்லை. ஒரு கல் தழும்பு இல்லை. ஷோரூமிலிருந்து இப்போதுதான் எடுத்து மாட்டினது போல இருந்தது.

வாட்டர் வாஷ் பண்ணியிருப்பார்கள் என்றார்கள் நம் பையன்கள். தண்ணீர் பூச்சியைக் கழுவும், கல் தழும்பைக் கழுவுமா? சத்தியமாகக் குழம்பிவிட்டேன். பைபாஸில் போகிற வண்டியின் நெற்றியில் கல் அடித்து, மார்பில் அடிக்காமல் போகுமா? கிட்டே போய் லெக் கார்டு கம்பியைத் தடவினேன். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில், பட்டை பட்டையாகப் பளபளப்பு போயிருந்தது. ஏதோ ஒன்று வாரால் இறுக்கிக் கட்டியிருந்த தடம்.

சாமுவேலுக்குப் போன் போட்டேன். எஞ்சினுக்கு முன்னாடி என்னடா கட்டியிருந்தாய் என்று கேட்டேன். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்.

“கவர் சார். அம்மா தச்சது. சர்வீசுக்கு வர்றப்போ கழட்டி வீட்ல வச்சிட்டு வருவேன்.”

“ஃபிட்டிங் எதுவும் இல்லன்னியே?”

“அது ஃபிட்டிங் இல்ல சார், கவரு. போட்டிருக்கிற சட்டைய யாராவது ஃபிட்டிங்னு சொல்வாங்களா?”

எடுத்துக்கொண்டு வரச்சொன்னேன். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் வந்தான். பழைய புடவைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது போலத் தூக்கி வந்தான். பிரித்ததும் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். நல்ல மாட்டுத் தோல், கழிவுத் துண்டு விற்கும் கடையில் பொறுக்கி வாங்கியது. லெக் கார்டின் ரெண்டு பக்கத்தையும் சேர்த்து எஞ்சினுக்கு முன்னால் மூடுகிற மாதிரி, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, வளைவுக்கு வளைவு அளவெடுத்துத் தைத்திருந்தது. விடியற்காலையில் குளிர் காற்றும், மணல் லாரியிலிருந்து தெறிக்கும் கல்லும் மகன் காலில் படக்கூடாது என்று தைத்தது. கடையில் விற்கிற ரெக்சின் கவர் என்றால் அங்கங்கே தூக்கிக்கொண்டு படபடவென்று அடிக்கும், காற்று எப்படியாவது உள்ளே புகும். இதில் ஊசி நுழைய இடமில்லை. ஷூ காலைப் பிடிப்பது போல வண்டியைப் பிடித்தது. எஞ்சினுக்கு ஒரு மூச்சுக் காற்று போயிருக்காது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐம்பதிலேயே போனாலும் எண்ணெய் உள்ளேயே கொதித்து, தண்ணீராக இளகி, கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தீர்ந்திருக்கிறது.

சர்வீசுக்கு வரும்போது ஏன் கழற்ற வேண்டும்? அதையும் கேட்டேன். தோல் வேலைக்காரர்களுக்குக் கறை என்றால் ஆகவே ஆகாது. அவர்கள் லைனில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அந்தத் துண்டு ரிஜெக்ட். மெக்கானிக் கிரீஸ் கையோடு தொடுவான், கழற்றி வைத்துவிட்டுப் போ என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்லி அனுப்புவாராம். அதனால் அந்த வண்டியை அது ஓடுகிற கோலத்தில் நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு சர்வீசுக்கும் அது குளித்துத் தலை சீவி எங்களிடம் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

மனசு ஆறாமல், அதே மாடல் டெமோ வண்டி ஒன்றில் கவரைக் கட்டிக்கொண்டு நானே காட்பாடி வரைக்கும் நிதானமாகப் போய் வந்தேன். திரும்பி வந்து நிறுத்தியபோது எஞ்சின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. முழங்காலே வெந்துவிட்டது. காரணம் தெரிந்துவிட்டது என்று சந்தோஷமாக இறங்கினேன். அங்கேயே காத்து நின்ற சாமுவேல் முகத்தில் ரத்தமே இல்லை.

“சார், அம்மாகிட்ட சொல்லாதீங்க. நான் வேகமா போனேன்னே எழுதிடுங்க.”

பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். நீ பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தானே இவ்வளவும். அவன் சொன்னது இதுதான். வேகமாகப் போனேன் என்றால் அம்மா திட்டும், கொஞ்ச நாள் பேசாது, அதை நான் தாங்கிக்கொள்வேன். என்னைக் காப்பாற்றத் தைத்த கவராலேயே பைபாஸில் லாரிக்கு முன்னால் சக்கரம் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவாள்? ஏற்கெனவே ஒருத்தனைக் கொடுத்தவள் சார் அவள்.

அன்றைக்கு நான் குழம்பியது போல எந்த எஞ்சினைப் பார்த்தும் குழம்பியதில்லை. அவன் சொல்வதும் சரி. அந்த அம்மா என்னிடம் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொன்னால் அவர் கை மகனைக் கொல்லப் பார்த்தது என்று ஆகும். மறைத்தால் மகன் சத்தியத்தை மீறினான் என்று ஆகும். எதைச் சொன்னாலும் ஒரு அடி. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன், அவளும் நேரத்துக்கு ஒன்றாகச் சொன்னாள். எஞ்சினியரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கவர் போட்டதும் வாரண்டிக்கு விரோதம்தான் சார், எப்படியும் பதில் ‘இல்லை’தான், அப்புறம் காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். கம்பெனிக்கு ரெண்டும் ஒன்றுதான் சார், அந்த வீட்டுக்கு அப்படி இல்லை என்றேன்.

சொன்ன நாளில் விக்டோரியா அம்மா வந்தார். கூடவே சாமுவேல், கண்ணாலேயே என்னிடம் கெஞ்சிக்கொண்டு. வாயைத் திறக்கிற வரைக்கும் நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேசை மேல் கவர் இருந்தது. அவர் முதலில் அதைத்தான் பார்த்தார், பார்த்ததும் கறை பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தைக்கிற மனுஷி. கையில் பிசகினால் எங்கே பிசகினது என்று கேட்கிற மனுஷி. இவரிடம் மறைக்க நான் யார்? சொல்லிவிட்டேன். காற்று போகாததை, சூடானதை, எண்ணெய் எரிந்ததை, எல்லாவற்றையும்.

நான் முடித்ததும் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

“ஓடும்போதேவா புடிச்சிக்கிச்சி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான். அவர் கை கவரின் தையல் மேலேயே இருந்தது. முடிந்தது கதை, இந்த அம்மாவை உடைத்துவிட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“அப்போ அவன் வேகமா போவல.”

“இல்லம்மா. ஐம்பதுலதான் போயிருக்கான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அப்புறம்தான் அழுதார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல். சாமுவேல் என்னை முறைத்தான், நான் தரையைப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அவன் வேகமா போயிருந்தான்னா நான் இன்னா சார் பண்ணுவேன்? தெனம் பின்னாடி உக்காந்துகினு போவ முடியுமா? இது என் கைத் தப்பு. என் கைத் தப்ப நான் திருத்திக்குவேன்.”

எங்கள் ரெண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை பாருங்கள். நாங்கள் எதை மறைக்கப் பார்த்தோமோ, அதுதான் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

செலவு அவர்கள் தலையில்தான் விழுந்தது, அதை நான் மாற்ற முடியவில்லை. ஆனால் எஞ்சினியர் தன் ரிப்போர்ட்டில் ‘ஹார்டு ரைடிங்’கை அடித்துவிட்டு, காற்று வழி அடைபட்டதால் எண்ணெய் சூடாகிக் கெட்டது என்று எழுதிக் கொடுத்தார். நான் கேட்டுக்கொள்ளாமல் அவராகவே செய்தார். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார் விக்டோரியா அம்மா. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூத்தவன் போட்டோ மாட்டியிருக்கும் சுவர்தான் மனதில் வந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். குழப்பத்தோடு இரண்டு நாள் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வண்டி கொண்டுவருகிறவரிடம் என்ன மாட்டியிருக்கிறாய் என்று கேட்பதோடு, இங்கே வருவதற்கு முன்னால் எதைக் கழற்றினாய் என்றும் கேளுங்கள். எப்படி ஓட்டினான் என்று நீங்கள் எழுதுகிற வார்த்தையை யார் வீட்டில் யார் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சாமுவேல் அடுத்த சர்வீசுக்கு வந்தான். லெக் கார்டு மொட்டையாக இருந்தது, ஆயில் கூலரில் பூச்சிகள் அப்பியிருந்தன, எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அந்தக் கவரைப் பிரித்து வெட்டி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் அவன் காலுக்கே அளவெடுத்து ரெண்டு உறையாகத் தைத்துப் போட்டிருந்தார் அவன் அம்மா. என்னைப் பார்த்துச் சிரித்தவன், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்று வாரை அவிழ்த்து ரெண்டையும் கழற்றி, புடவைத் துணியில் சுற்றி, கிரீஸ் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.